ஏறின கியரில் இறங்கு

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குச் சமதளம்தான். ஆனால் அந்தச் சமதளம் முடிகிற இடத்தில் மலை தயாராக நிற்கும். வடக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல், தேனி தாண்டினால் போடிமெட்டு, கம்பம் தாண்டினால் குமுளி. எங்கள் ஆனையூரிலிருந்து (உசிலம்பட்டிப் பக்கத்து ஆனையூர் அல்ல, கூடல்நகர் பக்கத்து ஆனையூர்) வாடிப்பட்டிச் சாலையில் போகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மலையைப் பார்த்துத்தான் போகின்றன என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் மதுரைக்காரனுக்கு வண்டி ஓட்டுவது என்றால் இரண்டு படிப்பு. ஒன்று தரையில் ஓட்டுவது. மற்றொன்று மலையிலிருந்து இறங்குவது.

ஏறுவதை யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். இஞ்சினுக்குச் சக்தி இருந்தால் வண்டி ஏறும், இல்லாவிட்டால் நின்றுவிடும். இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. இறங்குவதற்குத் தேவையான ஒரே ஒரு கைவித்தையைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கியரை மேலிருந்து கீழே, குலுக்கல் இல்லாமல், பல் கடிக்காமல் மாற்றுவது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவது. கேட்பதற்குச் சின்ன விஷயம். இதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு.

நான் ஓர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கியர் பாக்ஸைப் பிரித்து மேஜையில் பரப்பிப் பாடம் நடத்துவதே என் தொழிலாக இருந்தது. ஆனால் கியர் பாக்ஸின் உள்ளே இருப்பதை விட, அதை இயக்கிய கைகளின் கதைதான் இப்போது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முரட்டுப் பெட்டி

இன்றைக்கு நாம் கியர் பாக்ஸ் என்று சொல்கிற சாதனத்துக்கு வழி போட்டவர்கள் பிரான்சைச் சேர்ந்த பன்ஹார், லெவாஸோர் என்ற இருவர். 1890-களில் அவர்கள் செய்த காரில் பல்சக்கரங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்தின் பல்லில் இன்னொரு சக்கரத்தின் பல்லைக் கோத்துவிடும் ஏற்பாடு இருந்தது. வேறு வேறு வேகத்தில் சுற்றுகிற இரண்டு இரும்புச் சக்கரங்களைக் கட்டாயமாகக் கல்யாணம் செய்துவைப்பது மாதிரி. "முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை நடக்கிறது" என்று லெவாஸோரே சொன்னதாக மோட்டார் உலகில் ஒரு பேச்சு உண்டு. சரியான வார்த்தை. அந்த முரட்டுத்தனத்தை ஓட்டுகிறவன் தன் கையாலும் காலாலும் சமாளிக்க வேண்டியிருந்தது.

எப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன். மூன்றாவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறபோது இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால் இஞ்சின் சுமார் 3,000 சுற்று சுற்றியாக வேண்டும். கியர் இறங்க இறங்க இஞ்சின் வேகம் ஏற வேண்டும். இதுதான் அடிப்படைக் கணக்கு. கிளட்சை மிதித்து, அவசரமாக இரண்டாவதைப் போட்டு, கிளட்சை விட்டால் என்ன ஆகும்? 2,000 சுற்றில் இருக்கிற இஞ்சினைச் சக்கரங்கள் பிடித்து 3,000-க்கு இழுக்கும். வண்டி முன்னால் குனிந்து குலுங்கும். பின் சீட்டில் இருக்கிற பாட்டி, "ஏம்ப்பா, மெதுவா!" என்பார்.

அது இன்றைய வண்டியில். பழைய வண்டியிலோ கியர் விழவே விழாது. பல்லும் பல்லும் மோதி 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும்.

இதற்கு ஓட்டுநர்கள் கண்ட வழிதான் டபுள் கிளட்ச். முதலில் கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே கிளட்சை விட்டுவிட வேண்டும். உடனே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி இஞ்சின் வேகத்தை ஏற்ற வேண்டும். கிளட்ச் விட்டிருப்பதால் கியர் பாக்ஸின் உள்சக்கரங்களும் இஞ்சினோடு சேர்ந்து வேகம் பிடிக்கும். வேகம் ஒத்துப்போகிற அந்த நொடியில் மறுபடியும் கிளட்சை மிதித்து இரண்டாவதைப் போட வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு கியர் இறக்குவதற்கு இரண்டு முறை கிளட்ச், ஒரு தட்டு ஆக்ஸிலேட்டர், இரண்டு முறை கை அசைவு. இத்தனையும் ஒன்றிரண்டு நொடிக்குள்.

தட்டு குறைந்தால் பல் கடிக்கும். கூடினாலும் கடிக்கும். எவ்வளவு தட்ட வேண்டும் என்று சொல்ல மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர்.

மதுரையில் தொடங்கிய தொழில்

இந்த முரட்டுப் பெட்டி நம் ஊருக்கு வந்த கதைக்கு வருவோம். திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், வழக்கறிஞர் வேலை, ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 1911-ல் மதுரையில் பஸ் தொழிலைத் தொடங்கினார். அதற்கு முன் ரயில் போகாத ஊருக்கு மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். தார் போட்ட சாலை அன்று ஏது? கப்பிச் சாலையில் மாட்டு லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும், டயர் பஞ்சராகும். அந்த ஆணிகளைப் பொறுக்க அவர் காந்தம் கட்டிய வண்டியை விட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது.

கோவைப் பக்கம் ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கினார். முதலில் அவரே ஓட்டினார். இப்படி ஊருக்கு ஊர் பஸ் முதலாளிகள் வந்தார்கள். அவர்களின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பஸ்களை ஓட்டியவர்களின் வரலாறு அவ்வளவாக இல்லை.

யோசித்துப் பாருங்கள். 1911-ல் மதுரையில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பரம்பரைத் தொழில் அல்ல. அப்பனிடம் மகன் கற்றுக்கொள்ள முடியாது. ஏர் பிடித்தவனும் வண்டி மாடு ஓட்டியவனும் பட்டறையில் இரும்பு அடித்தவனும்தான் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, கிராங்க் சுற்றி, டயர் மாற்றி, ஓட்டுநர் பக்கத்தில் நின்றே காது வழியாகக் கற்றுக்கொண்டார்கள். மாட்டு வண்டிக்காரனுக்கு இறக்கத்தில் மாட்டின் மேல் பாரம் சாயாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கத் தெரியும். அந்த அறிவு மோட்டாரிலும் உதவியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். இறக்கத்தில் வண்டியை மாடு தாங்க வேண்டும் என்பது போல, இறக்கத்தில் வண்டியை இஞ்சின் தாங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கொடைக்கானல் பள்ளிக்கூடம்

மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயில் தாங்காமல் 1845-லேயே கொடைக்கானலில் வீடு கட்டிவிட்டார்கள். ஆனால் போக வழி? பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வண்டியில் போய், அங்கிருந்து நடையாகவோ குதிரையிலோ, கூலிகள் சுமக்கும் நாற்காலியிலோ ஏற வேண்டும். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். பிறகுதான் மேஜர் லா என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் லாஸ் காட் சாலை வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் அது முழுமையாகி மோட்டார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வத்தலக்குண்டு சமவெளியிலிருந்து கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்துக்கு வளைந்து வளைந்து போகிற சாலை. தோளில் நாற்காலி சுமந்த கூலிகளின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது.

இந்தச் சாலையே நம் பகுதி ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடமும் பரீட்சை ஹாலும் ஆனது. ஏன் என்று சொல்கிறேன்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இது இன்றைக்கும் உண்மை, அன்றைக்கு இன்னும் உண்மை. ஆகவே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதைக் கீழ் கியரில் இஞ்சினிடம் விட்டுவிட்டு, பிரேக்கை வளைவுக்கு வளைவு கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு வளைவு வருவதற்கு முன்பே கியரை இறக்கியிருக்க வேண்டும்.

சிங்க்ரோமெஷ் இல்லாத பஸ்ஸில் அந்த இறக்கத்தில் கியர் தவறிப்போனால் என்ன ஆகும்? மூன்றை எடுத்துவிட்டார், இரண்டு விழவில்லை. வண்டி நியூட்ரலில் இருக்கிறது. இறக்கம் அதை இழுக்கிறது. ஒவ்வொரு நொடியும் வண்டியின் வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட, இரண்டாவது கியர் விழ இஞ்சின் இன்னும் அதிகமாகச் சுற்ற வேண்டும். அதாவது முதல் முயற்சியில் விழாத கியர் இரண்டாவது முயற்சியில் விழுவது அதைவிடக் கஷ்டம். மூன்றாவது முயற்சி என்று ஒன்று இருக்காது. ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு மனிதனுக்கு ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பரீட்சை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். மலை வழித்தடங்களில் பல ஆண்டுகள் ஓட்டியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "அண்ணே, எறக்கத்துல எந்த கியர்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"இதுல முடிவு பண்ண என்ன சார் இருக்கு? ஏறுன கியர்ல எறங்கணும். போகையில ரெண்டுல ஏறுன எடம், வரும்போது ரெண்டுலதான் வரணும். மூணு போட்டா மலை நம்மள ஓட்டும்."

"கியர் விழலேன்னா?"

கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விழணும் சார். விழலேங்கிற பேச்சே கிடையாது. அதுக்குத்தான் முன்னாடியே வேகத்த கொறைச்சு, நிதானமா வச்சுக்கிறது. வளைவுல போய் கியர தேடக்கூடாது."

புதிதாக வந்தவர்களுக்கு உடனே மலை வழித்தடம் கொடுக்கமாட்டார்கள் என்றும், மூத்த ஓட்டுநர் ஒருவரோடு பலமுறை போய்வந்த பிறகுதான் அவர் கைக்கு மலை வந்தது என்றும் சொன்னார். அந்த மூத்தவர் பாடமாக எதுவும் சொல்லித்தரவில்லையாம். "சத்தத்த கேளு" என்பார், அவ்வளவுதானாம்.

கரி வண்டிக் காலம்

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன் வந்தது. பஸ்கள் நிற்க வேண்டிய நிலை. அப்போதுதான் கரி வாயு வண்டிகள் வந்தன. நம் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். பஸ்ஸின் பின்னால் ஓர் உயரமான அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டு, துருத்தி சுற்றிக் கங்கு மூட்டி, வருகிற வாயுவில் இஞ்சினை ஓட்டுவார்கள். டி.வி.எஸ். நிறுவனமே இந்த வாயுக் கலன்களைச் செய்து விற்றது.

கரி வாயுவில் ஓடும் இஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டியின் வலு கிடையாது. டாப் கியரில் சும்மா ஏறுகிற சின்ன மேடு கூட மூன்று கேட்கும், மூன்றில் ஏறுகிற மேடு இரண்டு கேட்கும். ஏற்றத்தில் கியரை இறக்கத் தாமதித்தால் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். நின்றால் கிளீனர் இறங்கிக் கட்டை கொடுக்க வேண்டும். ஆக அந்த நாலைந்து ஆண்டுகளில் நம் ஓட்டுநர்கள் அதற்கு முன் பல ஆண்டுகளில் மாற்றிய கியர்களை விட அதிகமாக மாற்றியிருப்பார்கள் என்பது என் அனுமானம். பஞ்சம் வந்தால் கை திருந்தும் என்பார்கள். டபுள் கிளட்ச் நம் பக்கத்தில் ஊறிப்போனதற்கு அந்தக் கரி வண்டிகளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பித்தளை வளையம் வந்தது

இதற்கிடையில் அமெரிக்காவில் ஏர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளர் இந்தத் தலைவலிக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். கியர்கள் கோப்பதற்கு முன், கூம்பு வடிவத்தில் இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று உரசி, இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் தாமாகவே சமன்செய்துவிடும். இதுதான் சிங்க்ரோமெஷ். பின்னாளில் அந்தக் கூம்பு பித்தளை வளையமாக வந்தது. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காடிலாக் காரில் முதலில் வந்தது. சில ஆண்டுகளில் செவர்லே போன்ற சாதாரணக் கார்களுக்கும் வந்தது. மாணவர்களுக்கு நான் அந்தப் பித்தளை வளையத்தைக் கையில் கொடுத்து, "இதுதான்டா டிரைவரோட காது" என்பேன்.

ஆனால் மனிதர்கள் வசதியைத் தேடும்போது ஆபத்தும் கூடவே வரும். அதே 1930-களில் சில அமெரிக்கக் கார்களில் 'ஃப்ரீ வீலிங்' என்று ஓர் ஏற்பாடும் வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைக்கிள் மாதிரி வண்டி தானாக உருளும். கியர் மாற்றச் சுலபம், பெட்ரோலும் மிச்சம். ஆனால் இறக்கத்தில் இஞ்சினின் பிடி இல்லாமல் போய்விட்டது. மலைச்சாலைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்தது. இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. டாடா-மெர்சிடிஸ் லாரிகள் 1954-ல் வந்தன. இந்தக் கனரக வண்டிகளுக்குப் பித்தளை வளையம் வந்து சேர வெகுகாலம் ஆனது. கார்களில் சீக்கிரம் வந்தது. ஆனாலும் முழுதாக அல்ல. 1950-களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடரில் ஸ்டியரிங்குக்குக் கீழே கைப்பிடி கியர். இரண்டு, மூன்று, நாலுக்குச் சிங்க்ரோமெஷ் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ஃபியட்டிலும் அதே கதை. ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசடரை முதல் கியருக்கு இறக்க டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். சிறுமலை ஏற்றத்தில் குடும்பத்தோடு போன பிளஷர் கார், வளைவில் நின்று பின்னால் உருளாமல் முதல் கியருக்கு மாறுகிறதா என்று பார்த்தே ஓட்டுகிறவரின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்னோக்கிப் போகிற நாலு கியருக்கும் சிங்க்ரோமெஷ். லேசான கிளட்ச். அதோடு ஒரு தலைமுறைக்கு டபுள் கிளட்ச் என்ற சொல்லே மறந்துபோனது. நல்லதுதான். வண்டி ஓட்டுவது சில நூறு பேரின் வித்தையாக இருந்தது மாறி, வீட்டுக்கு ஒருவருக்கு வந்தது. பெண்கள் தாராளமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். 1993-ல் நாகர்கோவில் பக்கம் வசந்தகுமாரி அரசு பஸ்ஸையே ஓட்ட வந்தார், தமிழ்நாட்டின் முதல் பெண் பஸ் ஓட்டுநராக. அந்தக் காலப் பஸ்ஸின் ஸ்டியரிங்கையும் கிளட்சையும் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

மைலேஜ் கணக்கு

1972-ல் பெரிய பஸ் கம்பெனிகள் நாட்டுடைமை ஆயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பிறகு திண்டுக்கல்லில் ராணி மங்கம்மாள். 1997-ல் பெயர்கள் எல்லாம் எடுக்கப்பட்டு ஒரே பெயராக, அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பஸ்ஸின் நிறம் மாறியது, பெயர் மாறியது. மலை மாறவில்லை.

டீசல் விலை ஏற ஏற, பஸ்ஸோ லாரியோ, அரசோ தனியாரோ, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு எல்லா ஓட்டுநர் தலையிலும் உட்கார்ந்தது. இங்கேதான் பழைய ஃப்ரீ வீலிங் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை. லாரி, வேன், சொந்தக் கார் என்று எல்லாரிடமும் இது உண்டு. படித்தவர்களிடம் இன்னும் அதிகம்.

ஒரு மெக்கானிக் வாத்தியாராக இதை உரக்கச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கும்போது டீசல் பம்பின் கவர்னர் எண்ணெயை நிறுத்திவிடும். இன்றைய கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் இஞ்சினும் அப்படித்தான். சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது, எண்ணெய் போகாது. நியூட்ரலில் விட்டாலோ இஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்கில் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம். கூடவே இஞ்சினின் பிடியையும் விட்டுவிடுகிறோம். காசும் போய், காப்பும் போய்.

இதை அந்த அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "நீங்க படிச்சு சொல்றீங்க. எங்க வாத்தியாரு, 'நியூட்ரல்ல விட்டா வண்டி நம்ம வண்டி இல்ல'ன்னு சொல்லுவாரு. ரெண்டும் ஒண்ணுதான்."

இன்றைய ஆபத்து வேறு

இப்போது லைசென்ஸ் எடுக்க மைதானத்தில் 'எச்' போட்டுக் காட்டினால் போதும், பைக்குக்கு 'எட்டு'. முன்னும் பின்னும் ஓட்டத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இறக்கத்தில் கியரை இறக்கத் தெரியுமா என்று பார்க்க மைதானத்தில் ஏது மலை? சமதளத்தில் கற்று, சமதளத்தில் ஓட்டி, நாலு நாள் லீவு கிடைத்ததும் நேராகக் கொடைக்கானலுக்கு வண்டியைத் திருப்புகிறார்கள் நம் பிள்ளைகள். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. ஏறும்போது எல்லாம் சுகமாக இருக்கும். இறங்கும்போது டாப் கியரில், காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, பேச்சும் பாட்டுமாக வருவார்கள். பாதி மலையில் கருகல் வாடை வரும். "பக்கத்துல ஏதோ எரியுது" என்று ஜன்னலைச் சாத்துவார்கள். எரிவது நம் பிரேக்தான்.

இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று மலைச்சாலைகளில் போர்டு வைத்திருக்கிறார்கள். அதைப் படிப்பவர் எத்தனை பேர், ஏன் என்று தெரிந்தவர் எத்தனை பேர்?

ஆட்டோமேடிக் கார் வைத்திருப்பவர்கள், "எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்பார்கள். 2014-க்குப் பிறகு நம் நாட்டில் குறைந்த விலைக் கார்களிலும் தானியங்கிக் கியர் வந்துவிட்டது. அதில் ஒரு வேடிக்கை. அந்தக் காரில் உள்ளே இருப்பது அதே பழைய கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு சின்ன மோட்டாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. கியரை இறக்கும்போது கூர்ந்து கேட்டுப் பாருங்கள். இஞ்சின் ஒரு நொடி தானாக 'உர்' என்று ஏறும். கம்ப்யூட்டர் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டுகிறது! கரி வண்டிக் காலத்து ஓட்டுநர் காதால் கேட்டுச் செய்ததைத்தான் அது கணக்குப் போட்டுச் செய்கிறது.

ஆனால் முன்னால் வளைவும் பள்ளமும் இருப்பது அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். எனவே அந்தக் கார்களிலும் மேனுவல் நிலை என்றோ 'எல்' என்றோ ஒன்று இருக்கும். மலை இறங்கும்போது அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும்.

வீட்டில் வண்டி வைத்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நாலே விஷயம்தான். வளைவுக்கு முன்னால், நேர்ச்சாலையிலேயே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள். கிளட்சை மிதித்துக் கியரை இறக்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி, கிளட்சை மெதுவாக விடு. வண்டி குலுங்காது, பின்னால் இருப்பவர்களுக்கு நீ கியர் மாற்றியதே தெரியாது. இறக்கம் முடிகிற வரை நியூட்ரலைத் தொடாதே. குறுகலான இடத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. இந்தக் கடைசி விஷயம் மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது சாலை விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

1914-ல் இந்தியாவுக்கு முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பிறகு 1939-ல் ஒன்று, 1988-ல் ஒன்று. மூன்று சட்டங்களிலும் லைசென்ஸ், அபராதம் எல்லாம் இருக்கிறது. டபுள் கிளட்ச் இல்லை. அது எந்தக் கோப்பிலும் ஏறாத அறிவு. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கும் போடிக்கும் குமுளிக்கும் நூறாண்டாக லட்சக்கணக்கான ஜனங்கள் போய்த் திரும்பியது அந்த எழுதப்படாத அறிவின் மேல்தான். சென்னையில் மின்சாரப் பஸ்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அவற்றில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து மின்சாரத்தையும் திருப்பித் தரும். இன்னும் கொஞ்ச காலத்தில் இந்த வித்தை தேவையே இல்லாமல் போகலாம். போகட்டும். உயிர் பிழைப்பதுதான் முக்கியம், வித்தை அல்ல.

ஆனால் அந்த வித்தைக்காரர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தடவை கிளட்ச் மிதித்துத் தேய்ந்த இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கோயில் வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் நிற்கிறார்கள். இரவு பஸ்ஸில் நாம் தூங்கிக்கொண்டே மலை இறங்கினோமே, அப்போது விழித்திருந்தவர்கள். நாம் விழித்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவர்கள் கியரைச் சரியாக இறக்கினார்கள் என்பதற்குச் சாட்சி. உங்கள் பேரனுக்கோ பேத்திக்கோ லைசென்ஸ் வந்திருந்தால், கொடைக்கானலுக்கு அனுப்பும் முன் அப்படி ஒரு பெரியவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். டீ செலவோடு முடிந்துவிடும்.